குறைகளின் வரலாறு: ஒரு நானோமீட்டர் சுவரும் அதைக் கடக்கும் எலக்ட்ரான்களும்

அறிவியல் வரலாறு என்று நாம் படிப்பது பெரும்பாலும் யோசனைகளின் வரலாறு. யாருக்கு முதலில் தோன்றியது, யார் நிரூபித்தார், யாருக்குப் பரிசு கிடைத்தது, அவ்வளவுதான். சில மாதங்களாக நான் படித்துக் குறிப்பெடுத்து வரும் ஒரு கதையை அப்படி எழுதினால் பாதிக் கதை காணாமல் போய்விடும். காந்த டனல் சந்தி என்ற கருவியின் கதை அது. யோசனை 1975-லேயே வந்துவிட்டது. சாதாரண அறை வெப்பத்தில் உருப்படியாக வேலை செய்யும் கருவி 1995-இல்தான் வந்தது. நடுவில் இருபது வருடம் என்ன நடந்தது? யோசனையில் ஓட்டை இல்லை. ஓட்டை படலத்தில் இருந்தது. நிஜமாகவே ஓட்டை.

அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு தாவலையும் எடுத்துப் பார்த்தால், பின்னால் ஒரு குறையை அடையாளம் கண்ட கதை இருக்கிறது. ஓர் ஆக்சிஜன் அணு இல்லாத இடம், ஓர் அணுத் தளம் துருப்பிடித்தது, பக்கத்துப் படலத்திலிருந்து கசிந்து வந்த வேறோர் உலோகம். இந்தக் கட்டுரையில் அந்தக் குறைகளின் வழியாகவே கதையைச் சொல்லிப் பார்க்கிறேன்.

சுவரும் இரண்டு காந்தங்களும்

முதலில் கருவி என்ன என்று பார்த்துவிடலாம். இரண்டு மெல்லிய காந்த உலோகப் படலங்கள். இரும்பு, கோபால்ட் மாதிரி. நடுவில் மின்சாரத்தைக் கடத்தாத ஒரு படலம். அதன் தடிமன் ஒன்றிலிருந்து இரண்டு நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறு போட்டால் ஒரு கூறு ஒரு நானோமீட்டர். மக்னீசியம் ஆக்சைடு படிகத்தில் ஒரு நானோமீட்டர் என்பது சுமார் ஐந்து அணுத் தளங்கள். அவ்வளவுதான் சுவர்.

நம் அன்றாட அறிவுப்படி சுவர் என்றால் சுவர், எலக்ட்ரான் இந்தப் பக்கமே நிற்க வேண்டும். குவாண்டம் இயற்பியல்படி எலக்ட்ரானின் அலை சுவருக்குள்ளும் கொஞ்ச தூரம் நீளும், போகப் போக வேகமாகத் தேயும். சுவர் போதுமான அளவு மெல்லியதாக இருந்தால் தேய்ந்தது போக மிச்சம் மறுபக்கம் எட்டிவிடும். இதைத்தான் டனலிங் என்கிறோம். சுரங்கம் எதையும் தோண்டுவதில்லை, பெயர்தான் அப்படி.

எலக்ட்ரானுக்கு ஸ்பின் உண்டு. மேல், கீழ் என்று இரண்டு வகை என்று வைத்துக்கொள்ளலாம். சாதாரண உலோகத்தில் இரண்டும் சமமாக இருக்கும். காந்த உலோகத்தில் ஒரு வகைக்கு ஆதிக்கம். சுவருக்கு இரண்டு பக்கமும் உள்ள காந்தங்கள் ஒரே திசையில் இருந்தால், இந்தப் பக்கத்துப் பெரும்பான்மைக்கு அந்தப் பக்கமும் தாராளமாக இடம் இருக்கும். மின்தடை குறைவு. ஒரு காந்தத்தைத் திருப்பிவிட்டால், இந்தப் பக்கத்துப் பெரும்பான்மை அந்தப் பக்கத்துச் சிறுபான்மை ஆகிவிடும். இடம் கிடைக்காது. மின்தடை கூடும். எத்தனை சதவீதம் கூடுகிறது என்பதுதான் இந்தத் துறையின் மதிப்பெண். 100 சதவீதம் என்றால் மின்தடை இரு மடங்கு ஆகிறது என்று பொருள்.

குறைந்த மின்தடை 0, கூடிய மின்தடை 1 என்று வைத்தால் அது நினைவகம். ஹார்டு டிஸ்க்கில் சுழலும் தட்டின் காந்தப்புலம் ஒரு படலத்தைத் திருப்புகிறது என்றால் அது படிக்கும் முனை. அன்றாடப் பயன்பாடு இரண்டுமே உண்டு.

1975: இரண்டு பக்கக் கட்டுரை

டனலிங்கைப் படலங்களில் அளக்கும் கலை 1960-இல் தொடங்குகிறது. அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வுக்கூடத்தில் ஐவர் கியேவர் அலுமினியப் படலத்தின் மேல் உருவாகும் ஆக்சைடையே சுவராகப் பயன்படுத்தினார். இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அலுமினியம் காற்றுப் பட்டதும் தன் மேல் தானே ஒரு மெல்லிய ஆக்சைடு போர்வையைப் போர்த்திக்கொள்ளும். எங்காவது அலுமினியம் வெளியே தெரிந்தால் அந்த இடமும் ஆக்சைடாகி மூடிக்கொள்ளும். ஓட்டையைத் தானே அடைத்துக்கொள்ளும் பொருள்! டனலிங் துறை முதலில் அலுமினியத்தோடு ஒட்டிக்கொண்டதற்கு இந்தக் குணம்தான் காரணம். கியேவருக்கு 1973-இல் எசாகி, ஜோசப்சன் ஆகியோருடன் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

1970-களின் தொடக்கத்தில் எம்.ஐ.டி.யில் பால் டெட்ரோ, ராபர்ட் மெசெர்வி இருவரும் ஒரு பக்கம் மீக்கடத்தி அலுமினியத்தையும் மறுபக்கம் காந்த உலோகத்தையும் வைத்து, டனலிங் செய்யும் எலக்ட்ரான்களில் ஸ்பின் ஆதிக்கம் எவ்வளவு என்று அளந்தார்கள். இரும்புக்கு 44 சதவீதம், கோபால்ட்டுக்கு 34 சதவீதம் என்ற மாதிரி எண்கள் கிடைத்தன.

அந்த எண்களை வைத்துக்கொண்டு அடுத்த அடியை வைத்தவர் பிரான்ஸில் ரென் நகரில் இருந்த மிஷெல் ஜூலியேர். இரண்டு பக்கமும் காந்தம் வைத்தால் என்ன ஆகும்? இரும்பு ஒரு பக்கம், கோபால்ட் மறு பக்கம், நடுவில் ஆக்சிஜனேற்றம் செய்த ஜெர்மானியம். அளவீடு 4.2 கெல்வினில், அதாவது திரவ ஹீலியத்தின் குளிரில். 1975-இல் வெளியான கட்டுரை மொத்தம் இரண்டே பக்கம். காந்தத்தைத் திருப்பியபோது மின்கடத்தல் 14 சதவீதம் மாறியது. அதுவும் மின்னழுத்தம் ஏறக்குறைய சுழியாக இருக்கும்போது மட்டும். சில மில்லிவோல்ட் ஏற்றினாலே விளைவு கரைந்துவிட்டது.

அந்த இரண்டு பக்கத்தில் ஒரு சின்னச் சூத்திரமும் இருக்கிறது. இரண்டு உலோகங்களின் ஸ்பின் ஆதிக்க எண்களைப் போட்டால் மின்கடத்தல் எவ்வளவு மாற வேண்டும் என்று சொல்லும். 44-ஐயும் 34-ஐயும் போட்டுப் பாருங்கள், 26 சதவீதம் வரும். கையில் கிடைத்தது 14. அந்தச் சூத்திரம் இன்றைக்கும் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. எனக்கு அதைவிட அந்த 26-க்கும் 14-க்கும் நடுவில் உள்ள இடைவெளிதான் சுவாரசியமாகத் தெரிகிறது. கணக்கில் இருக்கும் சுவர் வழவழப்பானது, தூய்மையானது. ஆய்வுக்கூடத்தில் செய்த சுவர் அப்படி இல்லை.

இருபது வருட இழுபறி

ஒரு கட்டுரை வெளியானதும் உலகம் திரும்பிப் பார்க்கும் என்றெல்லாம் இல்லை. ஜூலியேரின் விளைவை அறை வெப்பத்தில் கொண்டுவர முடியவில்லை. 1982-இல் மாயெகாவா, கெஃப்வெர்ட் இருவரும் நிக்கல் ஆக்சைடைச் சுவராக வைத்து முயன்றார்கள். விளைவு இருப்பது உறுதியானது, ஆனால் மிகக் குளிர்ந்த நிலையில் சில சதவீதம்தான். இதை வைத்துக் கருவி செய்வது வேலைக்கு ஆகாது என்று பலரும் விட்டுவிட்டார்கள்.

ஏன் இவ்வளவு கஷ்டம்? மூன்று காரணங்கள் சொல்லலாம்.

ஒன்று, ஊசித்துளை. இரண்டு நானோமீட்டர் சுவரில் எங்கோ ஓர் இடத்தில் ஓட்டை விழுந்து மேல் உலோகமும் கீழ் உலோகமும் நேராகத் தொட்டுக்கொண்டால் ஆட்டம் முடிந்தது. மின்சாரம் எல்லாம் அந்த வழியாகவே போகும். அதோடு இரண்டு காந்தங்களும் அந்த இடத்தில் கைகோத்துக்கொள்வதால், ஒன்றைத் திருப்பினால் மற்றதும் சேர்ந்து திரும்பப் பார்க்கும்.

இரண்டு, மேடு பள்ளம். டனலிங் மின்னோட்டம் சுவரின் தடிமனைப் பொறுத்து அடுக்குக்குறி வேகத்தில் மாறும். சுவர் கொஞ்சம் மெலிந்த இடத்தில் மின்னோட்டம் பல மடங்கு கூடும். ஆகவே நாம் அளப்பது மொத்தச் சுவரை அல்ல, அதன் மிக மெலிந்த சில இடங்களை மட்டுமே. கீழே உள்ள உலோகம் கரடுமுரடாக இருந்தால் சுவர் எவ்வளவு நல்ல பொருளாக இருந்தும் பயனில்லை.

மூன்று, எல்லைக் கோடு. அலுமினியத்தைக் கோபால்ட்டின் மேல் படியவைத்துப் பிறகு ஆக்சிஜனேற்றம் செய்கிறோம் என்று வையுங்கள். ஆக்சிஜன் கொஞ்சம் குறைந்தால் அடியில் அலுமினிய உலோகம் மிச்சம் நிற்கும். கொஞ்சம் கூடினால் கோபால்ட்டும் ஆக்சைடாகிவிடும். அந்த ஆக்சைடில் தாறுமாறாக நிற்கும் காந்த அணுக்கள் கடந்து போகிற எலக்ட்ரானின் ஸ்பின்னைக் கவிழ்த்துவிடும். அந்தப் பக்கமும் சாயக் கூடாது, இந்தப் பக்கமும் சாயக் கூடாது. கத்தி மேல் நடக்கிற வேலை.

இதற்கிடையில் 1988-இல் ஆல்பர்ட் ஃபெர்ட், பீட்டர் க்ரூன்பெர்க் இருவரும் தனித்தனியே வேறொரு வழியில் பேரளவு காந்த மின்தடையைக் கண்டுபிடித்தார்கள். அங்கே நடுவில் இருப்பது சுவர் அல்ல, கடத்தும் உலோகம். 2007-இல் நோபல் பரிசு பெற்றது அந்தக் கண்டுபிடிப்புதான். அது வந்ததும் காந்தப் படலங்கள் மேல் எல்லோருக்கும் ஆசை திரும்பியது. அதற்கான கருவிகளும் கைப்பழக்கமும் வளர்ந்தன. பழைய டனலிங் கேள்வியை மறுபடி தூசி தட்டும் நேரம் வந்தது.

1995: வழவழப்பு ஜெயித்தது

ஒரே ஆண்டில் இரண்டு இடங்களில் கதவு திறந்தது. ஜப்பானில் தோஹோக்கு பல்கலைக்கழகத்தில் தெருனோபு மியாசாகியும் தெசுக்காவும் இரும்பு, அலுமினியம் ஆக்சைடு, இரும்பு என்ற அடுக்கில் அறை வெப்பத்தில் 18 சதவீதம் பார்த்தார்கள். எம்.ஐ.டி.யில் ஜெகதீஷ் மூடேராவின் குழு கோபால்ட்-இரும்பு கலவையும் கோபால்ட்டும் வைத்து அறை வெப்பத்தில் சுமார் 12 சதவீதம், 4.2 கெல்வினில் 24 சதவீதம் பார்த்தது. கட்டுரையில் இணை ஆசிரியராக மெசெர்வியின் பெயரும் இருக்கிறது. 1970-களில் ஸ்பின் ஆதிக்கத்தை அளந்த அதே மெசெர்வி. மூடேரா மைசூரில் படித்து, சென்னை ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டம் பெற்று அமெரிக்கா போனவர்.

எம்.ஐ.டி. குழு புதிய இயற்பியல் எதையும் கண்டுபிடிக்கவில்லை. சும்மா சொல்லக்கூடாது, அவர்கள் செய்தது அதைவிடக் கஷ்டமானது. கண்ணாடித் தட்டைத் திரவ நைட்ரஜனால் குளிரவைத்து, அடியில் மிக மெல்லிய சிலிக்கன் படலம் போட்டு, அதன் மேல் காந்தப் படலத்தைப் படியவைத்தார்கள். குளிரில் வந்து விழும் அணு அங்குமிங்கும் ஓடிக் குவியல் குவியலாகச் சேர முடியாது. விழுந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடும். அதனால் படலம் வழவழப்பாக வரும். அதன் மேல் அலுமினியம், பிறகு ஆக்சிஜன் மின்னிறக்கத்தில் ஆக்சிஜனேற்றம். எல்லாமே சுவரைக் குறையில்லாமல் எழுப்பும் முயற்சி.

அதே குழு பிறகு செய்த ஒரு சோதனை எனக்கு ரொம்பப் பிடித்தது. 1998 வாக்கில் ரான் யான்சனும் மூடேராவும் சுவருக்கு நடுவில் வேண்டுமென்றே அழுக்கைச் சேர்த்தார்கள். கோபால்ட், நிக்கல், பல்லேடியம், செம்பு என்று ஓர் அணு அடுக்குக்கும் குறைவான அளவு. அழுக்கு கூடக் கூட காந்த மின்தடை குறைந்துகொண்டே வந்தது. குறையைத் தானாக வரட்டும் என்று காத்திருக்காமல் அளந்து வைத்து அதன் விலையைக் கணக்கிட்டார்கள். குறை என்பது சபிக்க வேண்டிய விஷயம் என்ற நிலை மாறி, படிக்க வேண்டிய விஷயம் ஆனது இங்கேதான் என்று நினைக்கிறேன்.

2009-இல் அமெரிக்க இயற்பியல் கழகத்தின் பக்லி பரிசு மூடேரா, டெட்ரோ, மெசெர்வி, மியாசாகி நால்வருக்கும் சேர்த்து வழங்கப்பட்டது.

படிகம் ஏன் தேவைப்பட்டது

அலுமினியம் ஆக்சைடு சுவரில் ஒரு வரம்பு இருந்தது. அது படிகம் அல்ல, கண்ணாடி மாதிரி ஒழுங்கில்லாமல் அடுக்கப்பட்ட அணுக்கள். பத்து வருட உழைப்புக்குப் பிறகு 2004 வாக்கில் அதில் எட்டிய உச்சம் அறை வெப்பத்தில் சுமார் 70 சதவீதம்.

2001-இல் இரண்டு கோட்பாட்டுக் கட்டுரைகள் வந்தன. அமெரிக்காவில் வில்லியம் பட்லரும் சகாக்களும் ஒன்று. பிரிட்டனில் மேத்தன், உமர்ஸ்கி இருவரும் மற்றொன்று. இரும்புப் படிகம், மக்னீசியம் ஆக்சைடு படிகம், மறுபடி இரும்புப் படிகம் என்று அணு அணுவாக ஒழுங்காக அடுக்கினால் என்ன ஆகும் என்று கணக்கிட்டார்கள். மேத்தன், உமர்ஸ்கி கணக்கில் வந்த விடை 1000 சதவீதத்துக்கும் மேல்.

இதன் காரணம் அழகானது. படிகத்துக்குள் எலக்ட்ரானின் அலைக்கு ஒரு வடிவம் உண்டு, ஒரு சமச்சீர்மை உண்டு. மக்னீசியம் ஆக்சைடு படிகச் சுவருக்குள் எல்லா வடிவ அலைகளும் ஒரே வேகத்தில் தேய்வதில்லை. டெல்டா-1 என்று பெயரிடப்பட்ட வடிவம் மட்டும் மெதுவாகத் தேயும், மற்றவை சீக்கிரம் தேய்ந்துவிடும். ஆக, சுவர் வெறும் தடுப்பு அல்ல, வடிகட்டி. இரும்பில் மின்சாரத்துக்குப் பொறுப்பான ஆற்றல் மட்டத்தில் இந்த டெல்டா-1 வடிவம் பெரும்பான்மை ஸ்பின்னுக்கு மட்டும்தான் உண்டு, சிறுபான்மை ஸ்பின்னுக்கு இல்லை. காந்தங்கள் ஒரே திசையில் இருந்தால் டெல்டா-1 அலை சுவரைத் தாண்டி அந்தப் பக்கம் உட்கார்ந்துகொள்ளும். எதிர்த் திசையில் இருந்தால், சுவரைத் தாண்டினாலும் அந்தப் பக்கம் அதற்கு இருக்கையே இல்லை.

கண்ணாடி மாதிரியான அலுமினியம் ஆக்சைடில் இந்த வடிகட்டல் நடக்காது. ஒழுங்கில்லாத சுவருக்குள் போகும் அலையின் வடிவம் கலைந்துபோகும், எல்லாம் எல்லாவற்றோடும் கலந்துவிடும்.

இந்த இடத்தில் ஜூலியேரின் சூத்திரமும் கொஞ்சம் ஆட்டம் காண்கிறது. ஸ்பின் ஆதிக்கம் 44 சதவீதம், 34 சதவீதம் என்று உலோகத்துக்கு உலோகம் ஓர் எண்ணைக் கொடுத்தோமே, அது உலோகத்தின் தனிச்சொத்து அல்ல. உலோகம், சுவர், இரண்டுக்கும் நடுவில் உள்ள எல்லை எல்லாம் சேர்ந்துதான் அந்த எண்ணைத் தீர்மானிக்கின்றன. அதே இரும்புக்கு வேறு சுவர் வைத்தால் வேறு எண்.

கோலத்தில் விட்டுப்போன புள்ளி

கணக்கு 1000 என்றது. அதே 2001-இல் மக்னீசியம் ஆக்சைடு சுவர் வைத்துச் செய்த ஒரு சோதனையில் அறை வெப்பத்தில் கிடைத்தது 27 சதவீதம். மறுபடியும் அதே இடைவெளி, இந்த முறை பூதாகாரமாக.

படிகத்தில் என்னென்ன குறை வரலாம் என்பதற்கு ஒரு புள்ளிக்கோலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். புள்ளிகள் வரிசையாக, சம இடைவெளியில். ஒரு புள்ளி வைக்க மறந்துவிட்டால் அது காலியிடம். ஒரு பக்கம் வரிசைக்குப் பத்துப் புள்ளி, இன்னொரு பக்கம் பதினொன்று என்று வைத்துக்கொண்டே வந்தால் நடுவில் எங்கோ ஒரு வரிசை அந்தரத்தில் முடியும், அது வரிசைப் பிசகு. பக்கத்து வீட்டுக் கோலமும் நம் வீட்டுக் கோலமும் வேறு வேறு கோணத்தில் வந்து முட்டிக்கொண்டால் அந்த முட்டுகிற கோடு படிக மணிகளின் எல்லை. மூன்றும் மக்னீசியம் ஆக்சைடு சுவரில் உண்டு.

வரிசைப் பிசகு தவிர்க்க முடியாதது. இரும்பின் அணு இடைவெளி 0.2866 நானோமீட்டர். அதை 45 டிகிரி திருப்பி வைத்தால் மூலைவிட்டம் 0.405. மக்னீசியம் ஆக்சைடின் இடைவெளி 0.421. கிட்டத்தட்டப் பொருந்துகிறது, ஆனால் 4 சதவீதம் பொருந்தவில்லை. சுமார் 25 அணுக்களுக்கு ஒரு முறை கணக்கு இடிக்கும். அங்கே ஒரு பிசகு வந்தே தீரும்.

எல்லைக் கோட்டில் இன்னொரு வில்லன். 2001-இல் எக்ஸ் கதிர்களால் பார்த்தபோது, இரும்பின் மேல் மக்னீசியம் ஆக்சைடைப் படியவைக்கையில் இரும்பின் மேல் தளத்தில் ஆக்சிஜன் சேர்ந்து இரும்பு ஆக்சைடு அடுக்கு உருவாவது தெரிந்தது. ஒரே ஓர் அணுத் தளம்தான். ஆனால் அந்தத் தளத்தை வைத்துக் கணக்குப் போட்டால் காந்த மின்தடை வெகுவாகச் சரிகிறது. டெல்டா-1 அலை இரும்பிலிருந்து வெளியே வரும் வாசலிலேயே இந்த அடுக்கு நிற்கிறது.

ஆனால் அதிகம் பேசப்படுவது ஆக்சிஜன் காலியிடம்தான். மக்னீசியம் ஆக்சைடில் ஓர் ஆக்சிஜன் அணு இல்லாத இடத்தில் இரண்டு எலக்ட்ரான்கள் தங்கிவிடும். ஆற்றல் இடைவெளிக்கு நடுவில், எந்த மட்டமும் இருக்கக் கூடாத இடத்தில், ஒரு மட்டம் முளைக்கும். கடக்கிற எலக்ட்ரானுக்கு அது ஆற்றின் நடுவில் கிடக்கும் பாறை மாதிரி. அதில் கால் வைத்துத் தாண்டலாம். வசதிதான், ஆனால் கால் வைத்த இடத்தில் திசை மாறும், அலையின் வடிவம் மாறும். டெல்டா-1 ஆக உள்ளே போனது வேறு எதுவாகவோ வெளியே வரும். வடிகட்டியில் கிழிசல் விழுந்த மாதிரி.

இதற்கு நேரடித் தடயம் உண்டு. மக்னீசியம் ஆக்சைடின் ஆற்றல் இடைவெளி 7.8 எலக்ட்ரான் வோல்ட். அதன்படி எலக்ட்ரான் பார்க்கும் சுவரின் உயரம் சில எலக்ட்ரான் வோல்ட் இருக்க வேண்டும். சந்திகளில் அளந்து பார்த்தால் அரை எலக்ட்ரான் வோல்ட்டுக்கும் குறைவாக வந்தது. சுவர் அவ்வளவு குட்டையாகத் தெரிவதற்குக் காலியிடங்களைத்தான் சந்தேகித்தார்கள். கோர்னெல் பல்கலைக்கழகக் குழு 2006-இல் நுண்முனை நுண்ணோக்கியால் மெல்லிய மக்னீசியம் ஆக்சைடு படலங்களில் இத்தகைய குறை மட்டங்களைப் பார்த்தது. 2008-இல் மூடேராவும் ஜெர்மானியச் சகாக்களும் ஒழுங்கான டனலிங்கை ஆக்சிஜன் காலியிடங்கள் எப்படிக் கலைக்கின்றன என்று காட்டினார்கள்.

ஒரு சின்னக் கணக்கு

இதெல்லாம் படிக்கையில் எனக்கு ஒரு கேள்வி வந்தது. பழைய அலுமினியம் ஆக்சைடு சுவரிலும் குறைகள் உண்டே, அங்கே சமாளித்தவர்கள் மக்னீசியம் ஆக்சைடில் மட்டும் ஏன் இவ்வளவு அலற வேண்டும்? ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ரொம்ப எளிமையான மாதிரிதான், ஆனால் விஷயம் புரிந்துவிடுகிறது.

பழைய சந்தி ஒன்று. காந்தங்கள் ஒரே திசையில் இருந்தால் 100 பங்கு மின்னோட்டம், எதிர்த் திசையில் 80 பங்கு. 100-ஐ 80-ஆல் வகுத்தால் 1.25. காந்த மின்தடை 25 சதவீதம். இப்போது குறைகள் வழியாக, ஸ்பின் எதையும் பார்க்காமல், இரண்டு நிலையிலும் 10 பங்கு கசிகிறது என்று வைப்போம். 110-ஐ 90-ஆல் வகுத்தால் 1.22. காந்த மின்தடை 22 சதவீதம். பரவாயில்லை, பிழைத்துக்கொள்ளலாம்.

புதிய படிகச் சந்தி. ஒரே திசையில் 100, எதிர்த் திசையில் வெறும் 10. காந்த மின்தடை 900 சதவீதம். அதே 10 பங்கு கசிவைச் சேருங்கள். 110-ஐ 20-ஆல் வகுத்தால் 5.5. காந்த மின்தடை 450 சதவீதம். பாதி போய்விட்டது!

கசிவு அதேதான், குறை அதேதான். ஒரு சந்தியில் 3 புள்ளி நஷ்டம், இன்னொன்றில் 450 புள்ளி நஷ்டம். சுவர் எவ்வளவு நன்றாக அடைக்கிறதோ அவ்வளவுக்கு ஒவ்வொரு சின்னக் கிழிசலும் பெரிதாகத் தெரியும். வெள்ளை வேட்டியில் கறை மாதிரி. இந்தத் துறை முன்னேற முன்னேற ஆராய்ச்சியாளர்கள் மேலும் மேலும் சின்னக் குறைகளைப் பற்றிப் பேசுவதற்குக் காரணம் இதுதான். குறைகள் பெருகவில்லை. அவற்றை மறைத்துக்கொண்டிருந்த பின்னணி மின்னோட்டம் போய்விட்டது.

2004: இரண்டு வழிகள்

2004 டிசம்பரில் ஒரே ஆய்விதழின் ஒரே இதழில் இரண்டு கட்டுரைகள். ஜப்பானில் ட்சுகுபாவில் ஷின்ஜி யுவாசாவின் குழு அறை வெப்பத்தில் 180 சதவீதம். கலிஃபோர்னியாவில் ஐ.பி.எம். ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் பார்க்கினின் குழு 220 சதவீதம்.

யுவாசா போன வழி தூய்மையின் வழி. உயர் வெற்றிடத்தில் அணு அணுவாகப் படியவைத்து இரும்பு, மக்னீசியம் ஆக்சைடு, இரும்பு மூன்றையும் ஒரே ஒற்றைப் படிகமாக வளர்த்தது அந்தக் குழு. பார்க்கின் போனது தொழிற்சாலை வழி. ஸ்பட்டரிங் என்ற முறையில், அதாவது ஒரு பொருளை அயனிகளால் அடித்துச் சிதறடித்துப் படியவைக்கும் முறையில், பல குறு மணிகளால் ஆன படலம். ஒற்றைப் படிகம் அல்ல. ஆனால் மணிகள் எல்லாம் படல மேற்பரப்புக்கு ஒரே திசையைக் காட்டி நிற்கும். மணிகளின் எல்லைகள் எத்தனையோ இருந்தும் வந்த எண் 220!

எனக்கு இது பெரிய செய்தியாகத் தெரிந்தது. குறைகளில் எல்லாக் குறையும் சமம் அல்ல. எலக்ட்ரான் கடக்கும் திசையில் ஒழுங்கு இருக்க வேண்டும். மற்றத் திசைகளில் கோலங்கள் முட்டிக்கொண்டால் ஓரளவு தாங்கும்.

கண்ணாடியிலிருந்து படிகம்

அடுத்த சிக்கல் தொழிற்சாலையில். நிஜக் கருவியில் ஒரு காந்தத்தைத் திரும்பாமல் கட்டிவைக்க அடியில் வேறு சில படலங்கள் தேவை. அவற்றின் அணுக்கள் முக்கோண ஒழுங்கில் அடுக்கப்பட்டவை. மக்னீசியம் ஆக்சைடு சுவருக்கு வேண்டியதோ சதுர ஒழுங்கு. முக்கோணத்தின் மேல் சதுரத்தை வளர்த்தால் குறைகள் குவியும்.

2005-இல் டேவிட் ஜயப்ரவீராவும் சகாக்களும், கனான் அனெல்வா நிறுவனமும் யுவாசா இருந்த நிறுவனமும் சேர்ந்து, ஒரு வழி காட்டினார்கள். கோபால்ட்-இரும்பு கலவையில் போரானைச் சேர்த்தால் அது படியும்போது படிகமாகாது, கண்ணாடி மாதிரி ஒழுங்கில்லாமல் படியும். ஒழுங்கு இல்லாததால் அடியில் உள்ள முக்கோணம் மேலே தெரியாது, மறைந்துவிடும். அந்தக் கண்ணாடித் தரையின் மேல் மக்னீசியம் ஆக்சைடு தன் விருப்பப்படி சதுர ஒழுங்கில் வளரும். எல்லாம் முடிந்த பிறகு சூடேற்றினால் கோபால்ட்-இரும்பு படிகமாகத் தொடங்கும். எங்கிருந்து? மக்னீசியம் ஆக்சைடைத் தொட்டுக்கொண்டிருக்கும் பக்கத்திலிருந்து, அதையே அச்சாக வைத்து. போரான் மெல்ல வெளியேறிப் பக்கத்துப் படலத்துக்குப் போய்விடும். முதல் கட்டுரையிலேயே 230 சதவீதம்.

வீடு கட்டும் ஒழுங்கே தலைகீழ். முதலில் சுவர், பிறகு சுவரைப் பார்த்து அஸ்திவாரம் தன்னைத் திருத்திக்கொள்கிறது. 1995-க்கு முன்னால் எதை எதிரி என்று நினைத்தார்களோ அந்த ஒழுங்கின்மையைத் தற்காலிகமாக உள்ளே அழைத்து வேலை வாங்கினார்கள். இன்றும் காந்த நினைவகச் சில்லுகளில் இந்த முறைதான் அடிப்படை.

ஆனால் சூடேற்றுவதற்கும் விலை உண்டு. சூட்டில் போரான் மட்டும் நகராது. மேலே மூடியிருக்கும் டாண்டலம் என்ற உலோகமும் சுவரை நோக்கி ஊறிவரும். 2008-இல் தோஹோக்கு பல்கலைக்கழகத்தில் இக்கேதாவும் சகாக்களும் அந்த ஊறலை அடக்கி, 525 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றி, அறை வெப்பத்தில் 604 சதவீதத்தை எட்டினார்கள். 5 கெல்வினில் 1100-ஐத் தாண்டியது. அந்தக் கட்டுரையின் தலைப்பிலேயே டாண்டலம் ஊறுவதைத் தடுத்ததால் வந்த 604 என்று எழுதியிருக்கிறார்கள். சாதனை எண்ணும் அடக்கிய குறையும் ஒரே வரியில்.

அந்த 604 பதினைந்து வருடம் அசையவில்லை. 2023-இல் ட்சுகுபாவில் தேசியப் பொருள் அறிவியல் நிறுவனத்தில் எல்லைக் கோடுகளை மேலும் செம்மைப்படுத்தி 631 சதவீதம் எட்டினார்கள். பதினைந்து வருட உழைப்புக்கு 27 புள்ளி. இன்னும் அறை வெப்பத்தில் 1000 வரவில்லை. அதற்குக் குறைகள் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. வெப்பம் காந்த அணுக்களை ஆட்டுவதும் ஒரு காரணம். ஆனால் எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்வதற்கே குறைகள் இன்னும் சரியாகப் புரிய வேண்டியிருக்கிறது.

எண்ணுக்கு அப்பால்

2006-இல் ஃப்ரீஸ்கேல் நிறுவனம் 4 மெகாபிட் காந்த நினைவகத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதில் இருந்த சுவர் பழைய அலுமினியம் ஆக்சைடு. பிறகு வந்த தலைமுறை மக்னீசியம் ஆக்சைடுக்கு மாறியது. அந்தத் தலைமுறையில் எழுதுவதும் சுவர் வழியாக மின்னோட்டத்தைச் செலுத்தித்தான். இங்கே குறைகளுக்கு இன்னொரு முகம் வருகிறது.

ஒரு நானோமீட்டர் சுவரில் அரை வோல்ட் போட்டால் மின்புலம் மீட்டருக்கு 50 கோடி வோல்ட். காற்றில் மீட்டருக்கு 30 லட்சம் வோல்ட் தாண்டினாலே தீப்பொறி பறக்கும். அதைப் போல நூறு மடங்குக்கும் மேலான புலத்தை ஐந்து அணுத் தளங்கள் ஒவ்வொரு முறை எழுதும்போதும் தாங்க வேண்டும். காலியிடங்களும் மணிகளின் எல்லைகளும் இந்த அழுத்தத்தில் முதலில் விட்டுக்கொடுக்கும் இடங்கள். சில்லில் கோடிக்கணக்கான சந்திகள். ஒவ்வொன்றிலும் குறைகளின் எண்ணிக்கை கொஞ்சம் வேறு. சராசரிச் சந்தி நன்றாக இருந்து பயனில்லை, கடைசிச் சந்தியும் தாங்கினால்தான் சில்லு விற்கும். ஆய்வுக்கூடத்தில் ஒரு நல்ல சந்தியின் எண்ணைக் கட்டுரையாக எழுதலாம். தொழிற்சாலையில் மோசமான சந்தியின் எண்தான் தீர்ப்பு சொல்லும்.

மின்னோட்டத்தால் காந்தத்தைத் திருப்பும் அந்தக் கதை, ஸ்பின் முறுக்கு விசை, தனிக் கட்டுரைக்கு உரியது. 1996-இல் ஸ்லோன்செவ்ஸ்கி, பெர்ஜர் இருவரின் கணக்கிலிருந்து தொடங்க வேண்டும். குறிப்புகள் எடுத்துக்கொண்டிருக்கிறேன். அங்கேயும் யோசனைக்கும் கருவிக்கும் நடுவில் சில வருடங்கள் இருக்கின்றன. அந்த வருடங்களில் எந்தக் குறையோடு மல்லுக்கட்டினார்கள் என்றுதான் முதலில் தேடப் போகிறேன்.